ரெஜிஸ்ட்ரார் மாற்றியபின் காலாவதி தேதி பிசகினால்: ஒரு டொமைன் பட்டியலைச் சரிசெய்த பதிவு

வாடிக்கையாளர்களின் டொமைன்களை (இணையப் பெயர்களை) ஒரு ரெஜிஸ்ட்ராரிடமிருந்து, அதாவது டொமைன்களைப் பதிவு செய்து தரும் நிறுவனத்திடமிருந்து, இன்னொருவரிடம் மொத்தமாக மாற்றிய வேலை இது. டிரான்ஸ்ஃபர் சிக்கலில்லாமல் முடிந்தது. டொமைனுக்கு வழிகாட்டும் நேம்சர்வர்களைத் தொடாததால் தளங்களும் மின்னஞ்சலும் நிற்கவில்லை. பிசகியது காலாவதி தேதிதான். பழைய ரெஜிஸ்ட்ராரின் பேனல் (கணக்கு நிர்வாகப் பக்கம்) ஒரு தேதி, புதியவரின் பேனல் வேறு தேதி, நம்முடைய பில்லிங் மென்பொருள் மூன்றாவதாக ஒரு தேதி. இப்போது மூன்றும் ஒத்துப்போகின்றன. என்ன வரிசையில் பார்த்தால் இந்த முடிச்சு அவிழும் என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன். பட்டியலில் பெரும்பகுதி டாட் காம், டாட் நெட். கொஞ்சம் டாட் ஆர்க், டாட் இன். இங்கிலாந்து வாடிக்கையாளர்களின் டாட் கோ டாட் யூகே சிலவும் உண்டு.

தொடங்கும் முன் மனதில் வைக்க வேண்டியது ஒன்று. தேதி தவறு என்று தெரிந்தால் மட்டும் போதாது, எந்தப் பக்கம் தவறு என்று தெரிய வேண்டும். பேனல் தேதி உண்மையான தேதிக்கு முந்தியதாக இருந்தால் வாடிக்கையாளருக்குச் சீக்கிரமே பில் போகும். சங்கடம்தான், ஆனால் டொமைன் பிழைத்திருக்கும். பேனல் தேதி உண்மையான தேதிக்குப் பிந்தியதாக இருந்தால் நினைவூட்டல் போவதற்குள் டொமைன் காலாவதியாகிவிடும். ஆகவே முதலில் இரண்டாவது வகையைப் பிரித்தெடுத்து அன்றைக்கே முடிக்க வேண்டும். முதல் வகை ஒரு வாரம் காத்திருக்கலாம்.

எந்தத் தேதி உண்மை

டாட் காம், டாட் நெட் இரண்டின் மூலப் பதிவேடு வெரிசைன் நிறுவனத்திடம் இருக்கிறது. டாட் ஆர்க்குக்குப் பப்ளிக் இன்டரஸ்ட் ரெஜிஸ்ட்ரி, டாட் இன்னுக்கு நிக்சி, டாட் யூகேவுக்கு நாமினெட். இவற்றைப் பதிவகம் என்றே குறிப்பிடுகிறேன். டொமைன் எப்போது காலாவதியாகிறது என்பதில் பதிவகத்தின் தேதிதான் கடைசி வார்த்தை. ரெஜிஸ்ட்ரார் தன் தரவுத்தளத்தில் வைத்திருப்பது அதன் நகல். நம் பில்லிங் மென்பொருளில் இருப்பது நகலின் நகல்.

பதிவகத்தின் தேதியை எங்கே பார்ப்பது? தேடுபொறியில் முதலில் வந்து நிற்கும் டொமைன் விவரம் காட்டும் இலவச ஹூ இஸ் தளங்களில் பார்க்க வேண்டாம். அவற்றில் பல பழைய பதிலைச் சேமித்து வைத்துக்கொண்டு அதையே காட்டும்; டிரான்ஸ்ஃபர் முடிந்து பல நாள் ஆகியும் பழைய ரெஜிஸ்ட்ராரின் பெயரே தெரிவதுண்டு. ஒன்றிரண்டு டொமைன் என்றால் டொமைன் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகேன் அமைப்பின் லுக்அப் பக்கம் போதும். அதற்கு மேல் என்றால் ஹூ இஸ்ஸுக்குப் பதிலாக வந்த ஆர்டாப் என்ற முறை வழியாகப் பதிவகத்தின் சேவையகத்தையே நேராகக் கேட்பதுதான் நல்லது. பொது டொமைன் வகைகளுக்கு ஹூ இஸ் சேவையைத் தந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் 2025 ஜனவரி 28-உடன் முடிந்துவிட்டது. ஆகவே புதிதாக ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்கள் ஆர்டாப்பிலேயே தொடங்கலாம்.

ஆர்டாப்பின் பதில் ஜேசன் என்ற தரவு வடிவில் வரும். அதில் 'ஈவென்ட்ஸ்' என்ற பகுதியை மட்டும் எடுத்தால் போதும். 'எக்ஸ்பிரேஷன்' என்ற வரி பதிவகத்தின் காலாவதி தேதி. 'டிரான்ஸ்ஃபர்' என்ற வரி இருந்தால் கடைசியாக ரெஜிஸ்ட்ரார் மாறிய நேரம். 'லாஸ்ட் அப்டேட் ஆஃப் ஆர்டாப் டேட்டாபேஸ்' என்பது இந்தப் பதில் எவ்வளவு புதியது என்று சொல்லும் வரி; ஆதரவுக் குழுவோடு வாதம் வரும்போது கைகொடுப்பது இதுதான். ரெஜிஸ்ட்ராரின் ஆர்டாப் சேவையகத்தைத் தனியாகக் கேட்டால் சில இடங்களில் 'ரெஜிஸ்ட்ரார் எக்ஸ்பிரேஷன்' என்று இன்னொரு வரியும் வரும். அது வாடிக்கையாளர் ரெஜிஸ்ட்ராருக்கு எதுவரை பணம் கட்டியிருக்கிறார் என்ற தேதி. இந்த இரண்டும் ஒரு வருடம் வித்தியாசப்படலாம், அப்படி வித்தியாசப்படுவது பிழையும் அல்ல. காரணம் பின்னால் வருகிறது.

கர்ல் (சேவையகத்தைக் கேட்கும் கருவி), ஜேகியூ (ஜேசனைப் பிரிக்கும் கருவி) இரண்டும் இருந்தால் பத்து வரிக்குள் ஸ்கிரிப்ட் முடிந்துவிடும். எந்த வால்பெயருக்கு (டாட் காம், டாட் இன் போன்றவை) எந்தச் சேவையகம் என்ற பட்டியலை அயானா அமைப்பு ஒரு ஜேசன் கோப்பாக வெளியிடுகிறது; அதிலிருந்தே முகவரியை எடுக்கவும். ஒவ்வொரு கேள்விக்கும் நடுவே இரண்டு விநாடி இடைவெளி விடவும். விடாவிட்டால், கேள்விகள் அதிகம் என்று பொருள்படும் 429 என்ற மறுப்பு வரத் தொடங்கும். ஸ்கிரிப்ட் அதைக் கவனிக்காமல் வெற்றுப் பதிலை எழுதிக்கொண்டே போனால், அட்டவணையில் காலியாக இருக்கும் வரிகளைப் பார்த்து டொமைனே போய்விட்டது என்று பயப்பட வேண்டியிருக்கும். பதில் குறியீடு 200 (சரி) ஆக இல்லாவிட்டால் அந்த வரியை மறுபடி கேட்கும்படி எழுதிவிடுங்கள்.

அட்டவணை

ஒரு எக்செல் தாள், ஏழு நெடுவரிசை: டொமைன், டிரான்ஸ்ஃபருக்கு முன் பதிவகத் தேதி, டிரான்ஸ்ஃபர் முடிந்த தேதி, இப்போதைய பதிவகத் தேதி, எதிர்பார்க்கும் தேதி, பேனல் தேதி, வித்தியாசம். எதிர்பார்க்கும் தேதிக்கு, டிரான்ஸ்ஃபருக்கு முன் இருந்த பதிவகத் தேதியோடு ஈடேட் சூத்திரத்தில் 12 மாதம் கூட்டினால் போதும். 365 நாளைக் கூட்ட வேண்டாம். லீப் வருடம் குறுக்கே வந்தால் ஒரு நாள் குறையும். கடைசி நெடுவரிசை பேனல் தேதியிலிருந்து பதிவகத் தேதியைக் கழித்தது. அதில் கூட்டல் எண் வந்தால் ஆபத்து, கழித்தல் எண் வந்தால் சங்கடம் மட்டும். கூட்டல் எண்களுக்குச் சிவப்பு நிறம் விழும்படி வைத்துவிட்டால் எதை முதலில் தொடுவது என்று யோசிக்க வேண்டியதில்லை.

பேனல் தேதிகளைச் சிஎஸ்வி கோப்பாக இறக்கும்போது ஒரு கண்ணி இருக்கிறது. வெளிநாட்டுப் பேனல்கள் பல மாதம், நாள், ஆண்டு என்ற வரிசையில் எழுதும். நம் கணினியில் எக்செல் நாள், மாதம், ஆண்டு என்று படிக்கும். 03/10/2026 என்பது மார்ச் 10. நம் எக்செல் அதை அக்டோபர் 3 ஆக மாற்றிவிடும். 03/25/2026-ஐ மாற்ற முடியாது, ஏனென்றால் 25-வது மாதம் கிடையாது. ஆகவே அதை வெறும் எழுத்தாக விட்டுவிடும். கண்டுபிடிக்கும் வழி சுலபம். நெடுவரிசையில் சில தேதிகள் வலப்பக்கமும் சில இடப்பக்கமும் ஒட்டிக்கொண்டு நின்றால், இடப்பக்கம் நிற்பவை எழுத்தாக விடப்பட்டவை, வலப்பக்கம் நிற்பவை புரட்டப்பட்டவை. இப்படிப் புரண்ட தாளைப் பில்லிங் மென்பொருளில் ஏற்றினால் நாள் எண் 12-க்குள் இருக்கும் டொமைன்கள் மட்டும் தவறாகும், மற்றவை சரியாகவே தெரியும். பாதி சரியாக இருப்பதால் யாரும் சந்தேகப்படமாட்டார்கள். கோப்பை இரட்டைக் கிளிக் செய்து திறக்காமல், தரவு இறக்குமதி வழியாகத் திறந்து அந்த நெடுவரிசைக்கு மாதம்-நாள்-ஆண்டு வரிசையைத் தேர்ந்தெடுத்தால் இந்தத் தொல்லை இல்லை.

வித்தியாச எண் சொல்லும் காரணம்

அட்டவணை தயாரானதும் கடைசி நெடுவரிசையை வரிசைப்படுத்திப் பாருங்கள். எண்கள் கொத்துக் கொத்தாக நிற்கும். ஒவ்வொரு கொத்துக்கும் ஒரு காரணம்.

365 அல்லது 366 நாள் குறைவாக இருந்தால், டிரான்ஸ்ஃபரோடு சேர்ந்து வரும் ஒரு வருடத்தைப் பேனல் கூட்டவில்லை. டாட் காம் போன்ற பொது வகைகளில் ரெஜிஸ்ட்ரார் மாறும்போது காலாவதி தேதியில் ஒரு வருடம் கூடும், அதற்கான காசும் அப்போதே வாங்கப்படும். பழைய பேனலிலிருந்து இறக்கிய தேதியைப் புதியதில் அப்படியே ஏற்றினால் இந்தக் கொத்து உருவாகும். ஆபத்தில்லாதது, எண்ணிக்கையில் அதிகமானதும் இதுதான்.

365 நாள் கூடுதலாக இருந்தால் கவனம். நம் பட்டியலில் இப்படி நின்றவை டாட் யூகே டொமைன்கள். நாமினெட்டில் ரெஜிஸ்ட்ரார் மாற்றம் என்பது டேக் (ரெஜிஸ்ட்ராரின் அடையாளக் குறி) மாற்றம் மட்டுமே. வருடம் கூடாது, காலாவதி தேதி அசையாது. புதிய பேனல் எல்லா வகைக்கும் ஒரே கணக்கைப் போட்டு ஒரு வருடத்தைச் சேர்த்துவிட்டது. அதை நம்பியிருந்தால் நினைவூட்டலே இல்லாமல் அத்தனையும் காலாவதியாகியிருக்கும். வேறு நாட்டு வால்பெயர்கள் வைத்திருப்பவர்களும் அந்தந்தப் பதிவகத்தின் விதியைத் தனித்தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஜெர்மனியின் டாட் டிஇ இன்னும் வேறு மாதிரி: டெனிக் பதிவகம் காலாவதி தேதியை வெளியிடுவதே இல்லை. அங்கே பேனலில் தெரிவது ரெஜிஸ்ட்ராருக்குக் காசு எதுவரை கட்டியிருக்கிறது என்ற தேதி மட்டும். ஒப்பிட எதுவும் கிடையாது.

73, 118, 209 என்று ஒழுங்கில்லாத எண்கள் வந்தால் பேனல் தேதியின் நாளையும் மாதத்தையும் டிரான்ஸ்ஃபர் முடிந்த நாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒன்றாக இருக்கும். எடுத்துக்காட்டாக, ஒரு டாட் காமின் பழைய காலாவதி 2026 ஜனவரி 18, டிரான்ஸ்ஃபர் முடிந்தது 2025 நவம்பர் 6. பதிவகம் 2027 ஜனவரி 18 என்கிறது. பேனல் 2026 நவம்பர் 6 என்கிறது. பதிவகத்தைக் கேட்காமல், இன்றைய தேதியோடு ஒரு வருடம் என்று பேனல் தானாகப் போட்ட கணக்கு இது. வித்தியாசம் 73 நாள், அதுவும் குறைவான பக்கம். ஆனால் இதே கணக்கு காலாவதியான டொமைனுக்குப் போடப்பட்டால் எதிர்ப்பக்கம் சாயும். காலாவதி 2025 ஆகஸ்ட் 20, டிரான்ஸ்ஃபர் முடிந்தது 2025 செப்டம்பர் 15 என்று வைத்துக்கொள்ளுங்கள். பதிவகத் தேதி 2026 ஆகஸ்ட் 20, பேனல் தேதி 2026 செப்டம்பர் 15. 30 நாள் முன்பே போக வேண்டிய நினைவூட்டல் ஆகஸ்ட் 16-ஆம் தேதி போகும், உண்மையான காலாவதிக்கு நான்கே நாள் முன்னால்.

டிரான்ஸ்ஃபர் தேதியோடு நாளும் மாதமும் ஒத்துப்போவதெல்லாம் பேனல் பிழை என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. எந்த டாட் காமும் இன்றிலிருந்து 10 ஆண்டுக்கு மேல் நீளக் கூடாது என்பது விதி. 2035 மே 2 வரை கட்டப்பட்ட டொமைனை 2025 நவம்பர் 6-இல் மாற்றினால் தேதி 2036 மே 2 ஆகாது. 2035 நவம்பர் 6-இல் வெட்டப்படும். முழு வருடக் கட்டணம் போகும், ஆறு மாதம்தான் கிடைக்கும். அங்கே பதிவகத் தேதியே அப்படித்தான் இருக்கும், திருத்த ஒன்றுமில்லை. ஒன்பது ஆண்டுக்கு மேல் மிச்சமிருக்கும் டொமைனை உடனே மாற்ற வேண்டிய கட்டாயம் இல்லையென்றால் கொஞ்ச காலம் விட்டுவைப்பது லாபம்.

ஒரே ஒரு நாள் வித்தியாசம் வருவதைப் பலர் கண்டுகொள்வதில்லை. பதிவகம் நேரத்தை யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) வைத்திருக்கிறது. 2026 மார்ச் 9, யூடிசி 20:15 என்பது நம் நேரப்படி மார்ச் 10, அதிகாலை 1:45. பேனல் அதை இந்திய நேரத்துக்கு மாற்றித் தேதியை மட்டும் சேமித்தால் மார்ச் 10 என்று நிற்கும். ஒரு நாள்தானே என்று விட முடியாததற்குக் காரணம், ரின்யூ கட்டளை வேலை செய்யும் விதம். ரெஜிஸ்ட்ரார் பதிவகத்திடம் இபிபி என்ற கட்டளை முறை வழியாக ரின்யூ கேட்கும்போது எத்தனை வருடம் என்பதோடு, தற்போதைய காலாவதி தேதி எது என்பதையும் சேர்த்து அனுப்ப வேண்டும். பதிவகத்தில் இருக்கும் தேதியோடு அது ஒத்துப்போகாவிட்டால் கட்டளை நிராகரிக்கப்படும். ஒரே கோரிக்கை தவறுதலாக இரண்டு முறை போய் இரண்டு வருடம் கூடிவிடாமல் இருக்க வைத்த பாதுகாப்பு இது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் கட்டளையில் போகும் தேதி பேனலில் சேமித்த தவறான தேதியாக இருந்தால், வாடிக்கையாளர் பணம் கட்டியும் ரின்யூ நடக்காது. பணம் வந்துவிட்டதால் இன்வாய்ஸ் முடிந்ததாகக் காட்டும்; பிழைச் செய்தி யாரும் திறக்காத லாக்கில் (செயல் பதிவேட்டில்) கிடக்கும். தேதியை எங்கே சேமித்தாலும் யூடிசியிலேயே சேமியுங்கள். வாடிக்கையாளர் பார்க்கும் திரையில் மட்டும் இந்திய நேரத்துக்கு மாற்றிக் காட்டினால் போதும்.

45 நாள் விவகாரம்

பேனலும் பதிவகமும் ஒரே தேதி சொல்லியும், வாடிக்கையாளர் "ஒரு வருஷம் காணாமப் போச்சு" என்று சொல்லும் வழக்குகள் இருக்கின்றன. அதிக நேரம் எடுத்தவை இவைதான். பேனலில் திருத்துவதற்கு எதுவும் இல்லாததே காரணம்.

டாட் காம் ஒன்று காலாவதியானதும் பதிவகம் தானாகவே ஒரு வருடம் கூட்டிவிடுகிறது; ரெஜிஸ்ட்ராரின் கணக்கில் அந்தத் தொகையைப் பிடித்தும்விடுகிறது. அடுத்த 45 நாள் ஆட்டோ ரினியூ கிரேஸ் காலம். அதற்குள் வாடிக்கையாளர் கட்டாவிட்டால் ரெஜிஸ்ட்ரார் டொமைனை நீக்கிப் பணத்தைத் திரும்பப் பெறலாம். அதனால்தான் கட்டாமல் காலாவதியான டொமைனுக்கும் பதிவகத்தில் அடுத்த வருடத் தேதி தெரிகிறது. பதிவகத் தேதியும் ரெஜிஸ்ட்ரார் தேதியும் ஒரு வருடம் விலகி நிற்பதும் இந்த நாட்களில்தான்.

இந்த 45 நாளுக்குள் டிரான்ஸ்ஃபர் நடந்தால், பதிவகம் தானாகக் கூட்டிய வருடத்தை ரத்து செய்து, பழைய ரெஜிஸ்ட்ராருக்குப் பணத்தைத் திருப்பிவிடும். டிரான்ஸ்ஃபருக்கான ஒரு வருடம் பழைய காலாவதியின் மேல் கூடும். மேலே சொன்ன ஆகஸ்ட் 20 டொமைனை எடுத்துக்கொள்வோம். காலாவதி நாளில் பதிவகத் தேதி 2026 ஆகஸ்ட் 20 ஆகிவிட்டது. வாடிக்கையாளர் ஆகஸ்ட் 28-இல் பழைய ரெஜிஸ்ட்ராரிடம் ரின்யூ தொகையைக் கட்டினார். செப்டம்பர் 15-இல் டிரான்ஸ்ஃபர், அதற்கும் கட்டணம். இரண்டு வருடத்துக்குக் காசு கொடுத்ததால் 2027 ஆகஸ்ட் 20 வரும் என்று எதிர்பார்க்கிறார். பதிவகத்திலோ 2026 ஆகஸ்ட் 20 அப்படியே நிற்கிறது. தேதி சரி. வாடிக்கையாளரின் கோபமும் நியாயம்தான், அவர் கட்டிய ஒரு வருடத் தொகை பழைய ரெஜிஸ்ட்ராரிடம் தங்கியிருக்கிறது. இதே டிரான்ஸ்ஃபர் அக்டோபர் 4-க்குப் பிறகு நடந்திருந்தால் 2027 வந்திருக்கும்.

இதற்குப் புதிய ரெஜிஸ்ட்ராரிடம் டிக்கெட் போட்டுப் பயனில்லை. பழையவரிடம்தான் கேட்க வேண்டும், அதுவும் குறிப்பாகக் கேட்க வேண்டும். பழைய காலாவதி தேதி, ரின்யூ கட்டிய தேதி, இன்வாய்ஸ் எண், டிரான்ஸ்ஃபர் முடிந்த நேரம், இவற்றோடு, 'ஆட்டோ ரினியூ கிரேஸ் காலத்துக்குள் டிரான்ஸ்ஃபர் நடந்ததால் பதிவகம் உங்களுக்கு ஒரு வருடத் தொகையைத் திருப்பியிருக்கிறது. அந்தத் தொகையைத் தாருங்கள்' என்று எழுதினால் பில்லிங் பிரிவுக்குப் போகும். 'ஒரு வருடம் காணவில்லை' என்று மட்டும் எழுதினால் டொமைன் எங்களிடம் இல்லை என்ற பதிலோடு டிக்கெட் மூடப்படும். தொகை சிறிதல்ல. டாட் காமுக்கு வெரிசைனின் மொத்த விலை 2024 செப்டம்பர் 1 முதல் ஆண்டுக்கு 10.26 டாலர், ஐகேன் கட்டணம் 2025 ஜூலை முதல் 0.20 டாலர். சில்லறை விலையும் 18 சதவீத ஜிஎஸ்டியும் அதற்கு மேல். பட்டியல் நீளமாக இருந்தால் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

காலாவதிக்கு முன்பே பணம் கட்டி ரின்யூ செய்துவிட்டு டிரான்ஸ்ஃபர் செய்தால் இந்தச் சிக்கல் வராது. அந்த வருடம் நிலைக்கும், டிரான்ஸ்ஃபர் வருடமும் அதன் மேல் கூடும். பணம் கட்டியதும் பதிவகத் தேதி நகர்ந்துவிட்டதா என்று ஆர்டாப்பில் ஒரு முறை பார்த்துக்கொண்டால் போதும். ஏற்கெனவே காலாவதியாகிவிட்டால் இரண்டே வழி: பழைய இடத்தில் கட்டாமல் நேராக மாற்றுவது, அல்லது கட்டிவிட்டு 45 நாள் முடியும்வரை காத்திருப்பது. ஆர்டாப் பதிலின் நிலைப் பகுதியில் 'ஆட்டோ ரினியூ பீரியட்' என்ற சொல் இருந்தால் அந்த 45 நாளுக்குள்தான் இருக்கிறீர்கள்.

திருத்தம்

முதலில் புதிய ரெஜிஸ்ட்ராரின் பேனல். பலவற்றில் பதிவகத்தோடு ஒத்திசைக்கும் பொத்தான் இருக்கும். அதை அழுத்தி அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள். மாறாவிட்டால் டிக்கெட். 'தேதியை மாற்றித் தாருங்கள்' என்று கேட்காமல் 'பதிவகத்திலிருந்து தேதியை மறுபடி இழுத்துக்கொள்ளுங்கள்' என்று கேளுங்கள். கையால் தட்டினால் இன்னொரு தவறு சேரும். ஆர்டாப் பதிலின் ஈவென்ட்ஸ் பகுதியை அப்படியே ஒட்டுங்கள். முதல் பதில் பெரும்பாலும் '24 முதல் 48 மணி நேரம் காத்திருக்கவும்' என்று வரும். அது டிஎன்எஸ் பரவலுக்கு (நேம்சர்வர் மாற்றம் இணையமெங்கும் பரவுவதற்கு) சொல்லும் பதில், காலாவதி தேதிக்குப் பொருந்தாது. டிரான்ஸ்ஃபர் முடியும்போதே பதிவகத்தில் தேதி மாறிவிடுகிறது. 'லாஸ்ட் அப்டேட்' வரியைச் சுட்டிக்காட்டி மறுபடி கேட்கவும்.

பிறகு நம் பில்லிங் மென்பொருள். இங்கே டபிள்யூஹெச்எம்சிஎஸ் என்ற பில்லிங் மென்பொருளை வைத்துச் சொல்கிறேன், மற்றவற்றிலும் தர்க்கம் இதேதான். ஒவ்வொரு டொமைனுக்கும் மூன்று இடத்தைப் பார்க்க வேண்டும். ரெஜிஸ்ட்ரார் தேர்வு, காலாவதி தேதி, அடுத்த பில் தேதி. ரெஜிஸ்ட்ரார் தேர்வு பழையவரிலேயே நின்றால், தானியங்கி ஒத்திசைவு பழையவரைத்தான் கேட்கும். அவரிடம் டொமைன் இல்லாததால் 'மாற்றப்பட்டுவிட்டது' என்ற நிலைக்குப் போய் பில் போவதே நின்றுவிடலாம். ஆகவே முதலில் ரெஜிஸ்ட்ரார், பிறகு ஒத்திசைவு. காலாவதி தேதி சரியான பின்னும் அடுத்த பில் தேதி தானாக நகராது. அதற்குத் தனி அமைப்பு இருக்கிறது, எத்தனை நாள் முன்னதாக என்றும் கொடுக்கலாம். நாம் வைத்தது 15 நாள்.

மொத்தமாகத் தரவுத்தளத்தில் மாற்றுவதென்றால் முதலில் முழு நகல் எடுங்கள். பதிவகத் தேதிகளைத் தனி அட்டவணையில் ஏற்றி, டொமைன் பெயரால் இணைத்து அப்டேட் செய்யுங்கள். அதற்கு முன் அதே இணைப்பை எதையும் மாற்றாத வெறும் செலக்ட் ஆக ஓட்டிப் பழைய தேதியையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தேதி வடிவம் ஆண்டு-மாதம்-நாள் தவிர வேறெதுவும் வேண்டாம்.

இதற்குப் பிறகு பலர் மறப்பது கட்டப்படாமல் நிற்கும் பழைய இன்வாய்ஸ். டிரான்ஸ்ஃபருக்கு முன் உருவான ரின்யூ பில் வாடிக்கையாளரின் கணக்கில் அப்படியே இருக்கும். அவர் நல்ல எண்ணத்தில் கட்டிவிடுவார். மென்பொருள் உடனே ரின்யூ கட்டளையை அனுப்பும். ஏற்கெனவே டிரான்ஸ்ஃபரால் ஒரு வருடம் கூடிய டொமைனில் இன்னொரு வருடம் கூடிவிடும். இதைத் திரும்பப் பெற வழியில்லையா என்றால், ரின்யூ செய்து 5 நாளுக்குள் பதிவகம் பணத்தைத் திருப்பும், ஆனால் அதற்கு டொமைனையே நீக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் தளத்தின் டொமைனை நீக்கச் சொல்லி யாரிடமும் கேட்டுவிடாதீர்கள். அதை அப்படியே விட்டுவிட்டு, அடுத்த வருட பில்லைத் தள்ளிப்போடுவதுதான் சரி. பழைய இன்வாய்ஸ்களைத் தேதி திருத்தும் நாளிலேயே ரத்து செய்யுங்கள்.

கடைசியாகச் சோதனை. ரெஜிஸ்ட்ராரோடு நடக்கும் பரிமாற்றத்தைப் பதியும் மாட்யூல் லாக்கை இயக்கிவிட்டு, காலாவதி நெருங்கும் ஒரு டொமைனுக்கு உண்மையிலேயே ஒரு வருடம் ரின்யூ கொடுத்துப் பார்த்தால்தான் தேதி ஒத்துப்போவது உறுதியாகும். லாக்கில் போன கோரிக்கையும் வந்த பதிலும் தெரியும். 'தற்போதைய காலாவதி தேதி பொருந்தவில்லை' என்ற பொருளில் பிழை வந்தால் இன்னும் எங்கோ பழைய தேதி சேமிப்பில் இருக்கிறது. சோதனை முடிந்ததும் லாக்கை நிறுத்திவிடுங்கள். அது வேகமாகப் பெருகும், ரெஜிஸ்ட்ராரோடு மென்பொருள் பேசப் பயன்படும் ஏபிஐ விவரங்களும் அதில் தங்கும்.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

டிரான்ஸ்ஃபர் தொடங்கும் முந்தைய நாள் ஆர்டாப் பதில்களைக் கோப்பாகச் சேமிப்பது கட்டாயம். டிரான்ஸ்ஃபர் நடந்த பிறகு பழைய காலாவதி தேதியை நிரூபிக்க வேறு நல்ல ஆதாரம் கிடையாது. காலாவதிக்கு 30 நாளுக்குள் இருப்பவற்றை முதல் தொகுதியில் சேர்க்கக் கூடாது. டிரான்ஸ்ஃபர் முடிய 5 நாளுக்கு மேலும் இழுக்கலாம், டொமைன் பூட்டு, ஆத் கோடு (டிரான்ஸ்ஃபருக்கான ரகசியக் குறியீடு), ஒப்புதல் மின்னஞ்சல் என்று எதிலாவது சிக்கினால் டொமைன் காலாவதிக்குள் நழுவிவிடும். நழுவி, நீக்கமும் நடந்துவிட்டால் 30 நாள் ரிடெம்ப்ஷன் காலம். அதில் மீட்க டாட் காமுக்கு வெரிசைன் ரெஜிஸ்ட்ராரிடம் வாங்குவதே 40 டாலர், ரெஜிஸ்ட்ரார் நம்மிடம் வாங்குவது அதைவிடக் கூடுதல். அதற்கும் பிறகு 5 நாள் நீக்கக் காத்திருப்பு. அந்தக் கட்டத்தில் யாராலும் மீட்க முடியாது.

தானியங்கி ரின்யூவையும் அட்டையையும் நம்பியிருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2021 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கியின் தொடர் கட்டண விதிகளால், இ-மேண்டேட் (தொடர் பிடித்தத்துக்கு வாடிக்கையாளரின் முன் ஒப்புதல்) பதியாத வெளிநாட்டு வணிகர்களின் தானியங்கிப் பிடித்தங்கள் இந்திய அட்டைகளில் மறுக்கப்படுகின்றன. பேனலில் 'ஆட்டோ ரினியூ ஆன்' என்று பச்சையாகத் தெரிந்தாலும் பணம் போகாது. புதிய ரெஜிஸ்ட்ராரிடம் முன்பணம் போட்டு வைப்பதே நிம்மதி. அடுத்த இரண்டு மாத ரின்யூக்களுக்குப் போதுமான இருப்பு எப்போதும் இருக்கட்டும்.

பழைய ரெஜிஸ்ட்ராரின் கணக்கை உடனே மூட வேண்டாம். அங்கே தானியங்கி ரின்யூவை எல்லா டொமைனுக்கும் நிறுத்திவிட்டு, அட்டையை நீக்கிவிட்டு, கணக்கைத் திறந்தே வையுங்கள். 45 நாள் வழக்குகளின் பணம் திரும்பி வருவது அந்தக் கணக்கின் இருப்பில்தான். கடைசி டிக்கெட்டின் தொகையும் வந்த பிறகு இருப்பை எடுத்துக்கொண்டு மூடலாம்.